அத்தானின் இருபது பிட் சங்கீதம்

அக்காள் வீட்டுக்காரர் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்தபோது எங்களுக்கெல்லாம் தைலமும் சட்டைத்துணியும் கொண்டுவந்தார். தனக்கு மட்டும் சிடி பிளேயர், ஆம்ப்ளிஃபயர், நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், ஓர் அலமாரி நிறைய வெள்ளைக்கார சங்கீதம். தொண்ணூறுகளின் நடுவில் செக்காலைப் பக்கம் அப்படியொரு செட் வேறு யார் வீட்டிலும் இல்லை. அதை யாரும் மறந்துவிட அவர் விட்டதுமில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே ஆள் பிடிப்பார். பெரும்பாலும் பாங்க்காரர்கள். வந்து சோபாவில் நெளிவார்கள். சிடி அட்டையில் ஒலிப்பதிவின் துல்லியத்துக்கு அடையாளமாக ‘இருபது பிட்’ என்று தங்க எழுத்தில் போட்டிருப்பதை விரலால் தடவிக் காட்டிவிட்டு அத்தான் சிடியை உள்ளே தள்ளுவார். செல்லோ தொடங்கும். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். வில் நரம்பில் உரசியது கேட்டதா, வாசிக்கிறவர் மூச்சு இழுத்தது கேட்டதா என்று பரீட்சை வைப்பார். அவர்கள் தலையாட்டியதும் அடுத்த சிடி. ஜாஸ் என்றால் டிரம்மில் பிரஷ் தேய்க்கும் இடம் மட்டும். சங்கீதம் எங்கே போகிறது, எப்படி முடிகிறது என்பதில் அந்த மனுசருக்கு அக்கறையே கிடையாது. சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு இலையை மூடுகிறவரைப் பார்ப்பது போலத்தான் நான் அவரைப் பார்த்தேன்.

இளையாத்தங்குடியில் கூட்டாளி வீட்டு விசேஷம் என்று அவரும் அக்காளும் போன அன்று வீட்டுக்கு நான் காவல். செட்டைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வண்டி தெருமுனை திரும்பியதும் தொட்டேன். ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு ஜாஸ் சிடியை முழுதாகக் கேட்டேன். சாக்ஸஃபோன்காரர் ஏதோ ஒரு சொல்லைத் தேடுகிறவர் போலத் தயங்கித் தயங்கிப் போய், கடைசியில் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டார். வேர்த்து வழிய அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னொன்று எடுக்க அலமாரியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, பாதி சிடிகளுக்கு பிளாஸ்டிக் மேலுறைகூடப் பிரிக்கப்படவில்லை. போன வாரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு வருணித்த பியானோ சிடியும் அதில் ஒன்று.

அடுத்த ஞாயிறு பாங்க்காரர்கள் இருவர் வந்தார்கள்.

“அத்தான், அந்தப் பியானோவைப் போடுங்க. கடைசியில அழுகையே வந்துரும்னு சொன்னீகளே,” என்றேன்.

அதற்கென்று ஒரு மனநிலை வேண்டும் என்று நழுவப் பார்த்தார். வந்தவர்கள் விடவில்லை. எடுத்தார். மேலுறை நகத்துக்கு அகப்படவில்லை. அக்காள் கத்தரிக்கோல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள். புதுசா என்று ஒருவர் கேட்டார்.

“இது ரெண்டாவது காப்பி,” என்றார் அத்தான்.

அன்று அவரால் கையை உயர்த்த முடியவில்லை. பியானோ முழுதும் ஓடியது. மெதுவான பகுதியில் ஒவ்வொரு ஸ்வரமும் அடங்கி முடியும்வரை அறையிலேயே நின்றது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அத்தான் ஆம்ப்ளிஃபயரில் ஏறி இறங்கும் பச்சை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர்தான் வாயைத் திறந்தார்.

“பெடல் அமுக்குற சத்தம் கேட்டுச்சா மாப்ளே?”

கேட்டது என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த வாரத்திலிருந்து, அவர் வெளியே போகும் நேரமெல்லாம், அக்காள் அந்தப் பியானோவை முதலிலிருந்து கடைசிவரை கேட்க ஆரம்பித்தாள்.