பெரியம்மா சொன்ன தொழில்

என் பெரியம்மா ஆரம்பகாலப் பேசும்படங்களில் நடித்தவள். நடிக்கிறவளே பாடவும் வேண்டிய காலம் அது. அவள் இசைத்தட்டு ஓடாத கல்யாண வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. திருவிடைமருதூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் அவள் மேல் ஆசைப்பட்டு, தன் தென்னந்தோப்பு ஓரத்தில் ஓட்டுவீடு கட்டிக் குடிவைத்தார். இனி நடிக்கவும் கூடாது, பாடவும் கூடாது என்றார். இவளும் தலையாட்டினாள். அவர் தாலியும் கட்டவில்லை, மனையை எழுதியும் வைக்கவில்லை. தாயில்லாத நான் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன்.

அவர் செத்ததும் பெரிய வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த நெல் நின்றது. பெரியம்மா நடவுக்குப் போனாள். உள்ளூரில் இல்லை, ஆற்றைத் தாண்டி, தன்னைத் தெரியாத ஊரில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. நானும் கூடப் போனேன். வருஷக்கணக்கில் நட்டோம். தோப்பை அடுத்த கூலித்தெருவிலிருந்து எங்களோடு வந்து நட்ட பெண்களுக்கு மட்டும் இது தெரியும்.

கூலிச் சண்டையில் வயலுக்கு வயல் சிவப்புக் கொடி நின்ற காலம். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. அடுத்தவர் நிலத்தில் குடியிருக்கும் விவசாயக் கூலிக்கு அந்தக் குடிமனையே சொந்தம் என்று சட்டம் வந்தது. மிராசுதார் மகன் எங்களைக் காலிபண்ணச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சட்டத்தை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை.

தெருக்காரர்களோடு சேர்ந்து நாங்களும் மனுப் போட்டோம். விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. எங்களோடு நட்ட தெருப்பெண் ஒருத்தி முந்தின நாளே வந்து சொன்னாள்:

"அக்கா, கேட்டா நடவுன்னு சொல்லுங்க. பொய்யா சொல்லப் போறீங்க?"

பெரியம்மா சரிகை கருத்துப்போன பட்டுப்புடவையில் கிளம்பினாள்.

"என்னம்மா தொழில் பண்றீங்க?" என்றார் அதிகாரி.

"சினிமாவுல நடிச்சிருக்கேன். பாட்டு பிளேட்டெல்லாம் வந்திருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அட, அது நீங்கதானா! எங்கப்பா ஓயாம போட்டுக் கேப்பாரு. ரெண்டு அடி பாடுங்களேன்."

நான் குறுக்கே விழுந்தேன். "சார், இவங்க நடவு நடுறவங்க. கையைப் பாருங்க!"

பெரியம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "சின்னப் பொண்ணு, தெரியாம பேசுது" என்றாள். பிறகு பாடினாள். குரல் போயிருந்தது. ஆனாலும் அதிகாரி கண்ணைத் துடைத்தார். மிராசுதார் மகன்தான் முதலில் கை தட்டினான். அவன் ஏன் தட்ட மாட்டான்?

கூலித்தெருவில் எல்லோருக்கும் மனை கிடைத்தது. இவள் விவசாயக் கூலி இல்லை என்று எங்கள் மனுவைத் தள்ளினார்கள். கண்ணைத் துடைத்த அதே ஆள்தான் தள்ளினார். சட்டம் போட்டவர்களுக்கு, இப்படியும் ஒருத்தி சேற்றில் நிற்பாள் என்று தோன்றவில்லை. அவர்களைத் திட்டி என்ன? இவளே ஒப்புக்கொள்ளவில்லையே.

அறுவடை முடிவதற்குள் வீட்டைக் காலிசெய்தோம். திருவாரூரில் அரிசி ஆலைக்குப் பின்னால் ஓர் அறை பார்த்திருந்தேன். வண்டியில் சாமான் ஏற்றும்போது அந்தத் தெருப்பெண் வந்தாள். அவள் மனை அவளுக்கு வந்துவிட்டது, எங்களுக்காக அழுதாள்.

"ஏங்க்கா, நாத்து நட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயா வெந்துடும்?"

"சொல்லியிருந்தா அந்த ஆபீசர் என்னைப் பாடச் சொல்லியிருப்பாரா?" என்றாள் பெரியம்மா.

என் கையில் தண்ணீர்க் குடம் இருந்தது. அதை அவள் தலையில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. வண்டியில் வைத்துவிட்டு, ஏறச் சொன்னேன்.