லயத்துக் காம்பராவில் தங்க வந்தவர்கள்

ஓட்டல் நடத்துகிறவன் பல் வலித்தாலும் சிரித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். இதே தொழிலில் பாடு படுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எண்பதுகளின் ஆரம்பம். இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டுச் சனம் பெரும்பாலும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட, தோட்டத்தை வாங்கிய பதுளை ஹாஜியார் காலிக் காம்பராக்களுக்கு வெள்ளையடித்துக் கட்டில் போட்டார். பக்கத்து ஊரான எல்லவுக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு அவை வாடகை அறைகள், கவனிக்க நான். கடைசிக் காம்பரா மட்டும் எங்கள் வீடு, நான் பிறந்ததே அங்கேதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் அறைகள் நிறையாவிட்டால் லயத்தை இடித்து மாடி கட்டுவேன் என்று ஹாஜியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடித்தால் எங்கள் வீடும் போகும்.

ஒரே கூரை

லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. நாங்கள் அதன் மேலாகவே உப்பும் நெருப்புப்பெட்டியும் கைமாற்றி வளர்ந்தவர்கள். அது ஒரு குறையாகவே படவில்லை. கொழும்பிலிருந்து புது மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள். வந்த அன்றே ஏதோ மனஸ்தாபம். அவர் கெஞ்சுகிறார், அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த அறையில் யாழ்ப்பாணத்து டீச்சரம்மா ஒருவர். இரண்டு அறையும் காலியாகப் போகிறது என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றபோது, டீச்சரம்மா சுவரைத் தட்டிச் சொன்னார்: "பிள்ளை, அவர் மூண்டு தரம் மன்னிப்புக் கேட்டிட்டார். இனி அவரோட கதையும், நாங்களும் நிம்மதியாத் தேத்தண்ணி குடிக்க வேணும்."

பாஸ் பார்த்த வாசல்

எங்கள் வாசல்கள் குட்டை. ஒருநாள் ஹாஜியாரே நெற்றியை இடித்துக்கொண்டார். தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். உடனே வாசல்களை உயர்த்த மேசன் பாஸ் என்கிற கொத்தனாரைக் கூட்டி வந்தார். பாஸ் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "ஒரு வாசல ஒடச்சா முழு லயமும் விழும், மொதலாளி" என்றார். இப்போதே இடிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். ஹாஜியார் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தம்பி, பெருநாள் வரைக்கும் பாக்குறேன்."

துரை வந்தார்

பெருநாளுக்கு முந்திய வாரம் ஒரு வேன் நிறைய வயதான வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். முதலில் இறங்கியவர் அறுபதுகளில் இதே தோட்டத்தை நிர்வகித்த துரை. அந்தக் காலத்தில் அவர் வருகிற பாதையில் என் அப்பா தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். துரைக்குத் தோட்டத் தமிழ் மறக்கவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, குனிந்து, "உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

"வாங்க, உக்காருங்க" என்றாள் என் மனைவி. நக்கிக்கொள்ள உள்ளங்கையில் சீனி வைத்து, பாலில்லாத சாயத்தண்ணி கொடுத்தாள். துரை குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இத்தன வருஷம் இங்க இருந்தேன், ஒரு காம்பராவுக்குள்ளயும் வந்ததில்ல. இந்த மாசம் முடியுற வரைக்கும் எல்லாக் காம்பராவும் எங்களுக்கு வேணும்."

ஹாஜியார் மாடிப் பேச்சை அன்றோடு விட்டார். அப்பா சலாம் போட்ட துரைக்கு நான் பில் போட்டேன், இந்தத் தொழிலில் வேறென்ன லாபம் வேண்டும்?