கவிழ்த்துப் போட்ட துண்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், சிக்கந்தர். தாடிக்கொம்பு ரோட்டில் நான் செய்து கொடுத்த கட்டில் ஒன்று ஆடியது என்று திண்டுக்கல்லில் எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம். என் பட்டறையில் ஒரே ஒரு டேபிள் ரம்பத்துக்குத்தான் இடம். தவறாக எடுத்தால் பத்து வருடம் அதோடு மாரடிக்க வேண்டும்.

கடைக்காரர் பாண்டியராஜ், பளபளவென்றிருந்த பெரிய ரம்பத்தைத் தட்டிக் காட்டினார். "இதுதான் பாய் நம்பர் ஒன். கேட்டலாக்கைப் படிச்சுப் பாருங்க."

"அது இங்கிலீஷ்ல பேசும். எனக்குப் பலகை பேசுனாப் போதும் அப்பு, ஓட்டுங்க" என்று, கையோடு கொண்டுபோன வேப்பம்பலகையை நீட்டினேன்.

"பொண்ணு பாக்கப் போறப்ப தராசோட போற ஆளா இருப்பீக போல!" என்றார். கடையே சிரித்தது.

பலகையை இரண்டாக அறுத்து, ஒரு துண்டைக் கவிழ்த்து, அறுத்த விளிம்பும் விளிம்பும் முட்டும்படி மற்றதோடு சேர்த்து வைத்தேன். பிளேடு நேராக நின்றால் இடைவெளி தெரியாது. சாய்ந்திருந்தால் சாய்வு இரண்டு மடங்காகத் தெரியும். இடைவெளியில் என் விசிட்டிங் கார்டே நுழைந்தது.

"திருகி வச்சாச் சரியாயிரும் பாய்."

திருகினார். மறுபடி அறுத்தேன். மறுபடியும் கார்டு நுழைந்தது.

மூலையில் தூசி படிந்திருந்த சின்ன ரம்பத்தில் அறுத்தேன். கார்டு என்ன, வெளிச்சம்கூட நுழையவில்லை.

"அது பழைய மாடலு, பாக்க நல்லாருக்காது."

"நான் அதைப் பாத்துக்கிட்டா இருக்கப் போறேன்? வண்டியில ஏத்துங்க."

"இந்தத் துண்டுக?"

"இங்கேயே கெடக்கட்டும். அடுத்து வாரவன் கேட்டலாக் கேட்டா, இதைக் குடுங்க."