நான்காம் ஸ்தலத்துச் சாம்பல்

மணிமேகலைக்கு வாய் நீளம் என்பது ஆரணியில் அவள் தெருவுக்கே தெரியும். அந்த வாயால் அவள் இழந்தது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது பெற்ற மகள். கூடப் படித்த சேசுராஜைக் கட்டிக்கொண்டு லாவண்யா மாலையும் கழுத்துமாக வந்து நின்றபோது, "இந்த வாசப்படிய ஏறாதே" என்று கத்திவிட்டாள். மகளும் அம்மாவுக்குக் குறையாத அழுத்தக்காரி. ஏறாமலே திரும்பி, கலசப்பாக்கத்தில் குடித்தனம் வைத்துவிட்டாள். மூன்று வருஷமாயிற்று. ஒரு போன் போட்டால் தீர்கிற விஷயம்தான். யார் முதலில் போடுவது?

மணிமேகலை பாவு பிணைக்கிறவள். பட்டுத்தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு முடியும்போது கடைசியில் கொஞ்சம் நெய்யாமல் விட்டுவைப்பார்கள். அந்தப் பழைய இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து விரலால் முறுக்கினால்தான் அடுத்த சேலை உண்டு. பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். லாவண்யாவும் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பழகினாள், ஆனால் இடது கையால். "பீச்சாங்கையால பட்டத் தொடாதடி!" என்று எத்தனை அடி வாங்கியும் அவள் கையை மாற்றவில்லை.

தவக்காலம் தொடங்கிய வாரம் மாதா கோயில் சிஸ்டர் பிலோமினா வீடு தேடி வந்தார்.

"இந்த வருஷம் சிலுவைப்பாதைய தெருவுல நடக்கப்போறோம்மா. படம் எதுவும் மாட்டப்போறதில்ல. இயேசு சிலுவை சுமந்த வழியில பதினாலு ஸ்தலம், ஒவ்வொண்ணும் ஒரு வாசல். எந்தச் சாமியக் கும்பிடறவங்களா இருந்தாலும் சரி, அவங்க நோவ அவங்களே வாசல்ல வெக்கணும். நாலாவது, இயேசு தன் தாயைச் சந்திக்கிறது. உங்க வாசலக் குடுப்பீங்களா?"

"எனக்கு இன்னா நோவு சிஸ்டர்? நான் நல்லாத்தானே கீறேன்" என்றாள் மணிமேகலை. சிஸ்டர் காபியைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்து, மெதுவாகக் கேட்டாள்: "கலசப்பாக்கத்து சனங்களும் வருவாங்களா?"

வருவார்கள் என்றார் சிஸ்டர். அவ்வளவுதான், வாசல் கிடைத்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ஊர்வலம் கிளம்பியது. முதல் ஸ்தலம் மல்லிநாதனின் மளிகைக் கடை. இயேசுவுக்குச் சொன்ன அநியாயத் தீர்ப்புக்கு அடையாளமாக, ஒரு தட்டைக் கழற்றிவிட்டுத் தராசைத் தொங்கவிட்டிருந்தார் அவர். மணிமேகலை தன் வாசலில் ஒரு சட்டம் கட்டி, ஒரு பக்கம் பழைய பாவின் நுனியும் மறுபக்கம் புதுப் பாவும் தொங்க, நடுவை வெறுமையாக விட்டிருந்தாள். வருகிறவர்கள் ஆளுக்கு ஓர் இழையைப் பிணைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு தட்டில் சாம்பல்.

தட்டு எதற்கென்று சொல்ல மறந்துபோனாள். தவக்காலத்தில் சாம்பலைப் பார்த்தால் கிறிஸ்தவர்கள் என்ன செய்வார்கள்? முன்னால் வந்த பெரியவர் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார். பின்னால் வந்தவர்களும் பூசிக்கொண்டார்கள். பாதிரியாரும் பயபக்தியோடு பூசிக்கொண்டார். பிறகு வெறும் விரலால் இழையை முறுக்கிவிட்டு நகர்ந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று மணிமேகலைக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமும் இல்லை. தலை நிறையப் பூவும் நெற்றியில் வட்டப் பொட்டுமாக வரும் ஒருத்தியை அவள் கண் கூட்டத்தில் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தது. வந்த பெண்களெல்லாம் முக்காடு போட்டு முகம் குனிந்திருந்தார்கள். ஒரு பூ இல்லை, ஒரு பொட்டு இல்லை. கூட்டம் தெருமுனை திரும்பியது. மகள் வரவில்லை.

"வரமாட்டா. நான் சொன்ன சொல்லுக்கு எவ வருவா?" என்று சட்டத்தை அவிழ்க்கப் போனாள். கை பட்டதும் இழைகள் பொலபொலவென்று பிரிந்து விழுந்தன. சாம்பல் படாத முறுக்கு எப்படி நிற்கும்? ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு கொத்து பிரியவில்லை. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

தறியில் உட்கார்ந்திருந்த கணவர் சம்பந்தம் எட்டிப் பார்த்து, "இன்னா ஆச்சு?" என்றார்.

"பீச்சாங்கை!" என்று கத்திக்கொண்டே செருப்புகூடப் போடாமல் ஓடினாள் மணிமேகலை.

அடுத்த ஸ்தலத்தில் கூட்டம் முழந்தாளிட்டிருந்தது. முக்காட்டுக்குக் கீழே எல்லா நெற்றியிலும் சாம்பல். கடைசி வரிசையில் ஒருத்தியின் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. அவள் இடது கை விரல்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன.

மணிமேகலை போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள். "பாவு பாதியில நிக்குதுடி. வந்து முடிச்சுக் குடு" என்றாள்.

லாவண்யா திரும்பாமலே சொன்னாள்: "வாசப்படிய ஏறக் கூடாதுன்னு சொன்னியே."

"சொன்னது தப்பு. அன்னைக்கு ராத்திரியே தெரியும். சொல்றதுக்குத்தான் வாய் வரல."

கூட்டம் எழுந்து நடக்கத் தொடங்கியது. லாவண்யாவும் எழுந்தாள். "இன்னும் நெறைய வழி கீதும்மா. முடிச்சிட்டுத்தான் எங்கியும் வருவேன்."

"நட. நானும் வரேன்" என்று மணிமேகலை முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.