மான் எண்ணப் போன செபமாலை

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் உள்ள அந்த வாடகை வீட்டுக்குள் செபமாலை நுழையும் விதமே வேறு. கதவைத் திறந்ததும் சுவிச்சைத் தொடமாட்டார். கைபேசியின் வெளிச்சத்தைப் போட்டு, உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இரண்டு விரல்களை மட்டும் மெல்ல விலக்குவார். அந்த நீக்கலால் கசிகிற சிவந்த வெளிச்சம் தரையில் ஒரு கோடாக விழும். செருப்புகளையும் நடுவழியில் யாரோ விட்டுப்போன வாளியையும் சுற்றி, அந்தக் கோட்டைப் பிடித்தபடி கட்டிலுக்குப் போய்விடுவார். அறையில் எந்த நேரமும் யாராவது ஒருவர் வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார். தூங்குகிறவனின் முகத்தில் வெளிச்சம் அடிப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம் என்பது அவருடைய எண்ணம்.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு செப்டம்பர் மாலை, ஒரு மானின் கண்ணுக்குள் நேரே வெளிச்சத்தை அடித்துவிட்டு அசையாமல் நின்றார்.

செபமாலை வன்னிக்காரர். பலெர்மோவுக்கு வந்ததிலிருந்து நகரின் ஓரத்தில் உள்ள சியாகுல்லித் தோட்டம் ஒன்றில் மந்தரின் தோடம்பழம் பிடுங்கினார். காய்க்காலம் முடிந்தால் வேலையும் முடிந்தது. வருடம் முழுக்க ஓடுகிற வேலை ஒன்று இருந்தால்தான் ஊரில் இருக்கும் மனைவி தயானியைக் கூப்பிடலாம். தோட்டத்துச் சொந்தக்காரரான சின்யோர் கயெத்தானோவுக்கு மலைப்பக்கம் கம்பிவேலி போட்ட காடும் இருந்தது. அதில் மான்கள் நின்றன. அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் தேடுகிறாராம் என்று தோட்டத்தில் கதை அடிபட்டது. கதையின் சூடு ஆறுமுன்பே சின்யோர் செபமாலையைக் கூப்பிட்டார். வேட்டைக்காலம் தொடங்கப் போகிறது, அதற்குமுன் மான் பார்க்க வேண்டும், சனிக்கிழமை வந்து லைற் பிடிக்க முடியுமா என்று கேட்டார்.

இது தனக்கு வைக்கிற சோதனை என்று செபமாலைக்கு விளங்கியது. லைற் பிடித்து மான் பார்ப்பதென்றால் அது வேட்டைதான் என்றும் விளங்கியது. இரண்டையும் அவர் சந்தேகப்படவில்லை.

அவர் இளந்தாரியாகத் திரிந்த காலத்தில் வன்னிக் காட்டில் லைற் பிடிப்பது தனி வேலை. மரையோ மானோ, கண்ணில் வெளிச்சம் நின்றால் மலைத்து நிற்கும். வெடி விழும்வரை கை ஆடக்கூடாது. சுட்டவனுக்கு ஒரு தொடை என்றால் லைற் பிடித்தவனுக்கும் ஒரு தொடை. அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே சனிக்கிழமை புறப்படும்போது, கழுவிக் காயவைத்த சாக்கொன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிற விக்னராஜா கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்த்துவிட்டார். ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் போத்தலை உடனே எடுத்து அடுப்பருகில் வைத்தார்.

"தொடையெண்டால் தொடையா வரவேணும், செபமாலையண்ணை. வெறுங்கொம்பைக் கொண்டந்து என்ரை தலைமாட்டிலை கொழுவுறேல்லை."

சின்யோரின் மகள் ஜெசிக்காதான் ஜீப்பை ஓட்டினாள். படலையடியில் அவள் நின்றுகொள்ள, மற்ற இருவரும் நடந்து உள்ளே போனார்கள். பொழுது பட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. முதல் சரிவில் வெளிச்சத்தை வீசியதும் பச்சைப் பச்சையாகக் கண்கள் எழுந்தன. எத்தனை என்று சின்யோர் கேட்டார். செபமாலை சொன்னார். பெட்டையா கிடாயா என்று கேட்டார். அதையும் சொன்னார். சுடுகிற மனிதருக்கு இவ்வளவு கேள்வி எதற்கு என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அடுத்த பள்ளத்தில் ஒரு பெட்டை மான் தனியே நின்றது, நல்ல கிட்டத்தில். செபமாலை வெளிச்சத்தை அதன் கண்ணில் நிறுத்தினார். பழைய பழக்கம் கைக்குத் தானாக வந்தது. மான் மலைத்து நின்றது. அவர் வெடிக்காகக் காத்திருந்தார். வெடி விழவில்லை. கை உளைந்தது. இன்னும் விழவில்லை. ஏன் இந்த மனிதர் சுணங்குகிறார் என்று திரும்பிப் பார்த்தார். சின்யோரின் கையில் ஊன்றுகோல் மட்டும்தான் இருந்தது.

துவக்கு எங்கே என்று கேட்டார். வீட்டில் என்றார் சின்யோர், கேள்வியே விளங்காதவர்போல. லைற் போகிற இடத்துக்குத் துவக்கு போகக்கூடாது, அதுதான் ஒழுங்கு. காட்டிவிட்டு எடு, ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறாய் என்று அதட்டினார்.

அதற்குள் மான் விடுபட்டுப் பற்றைகளை முறித்துக்கொண்டு மேலே ஓடியது. வெளிச்சத்தில் எஞ்சி நின்றது ஒரு குட்டி. தாயின் பின்னால் நின்றிருக்க வேண்டும். ஓடத் தெரியாமல், முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. சண்டைக்காலத்தில், பரசூட்டில் இறங்குகிற பரா லைற் வானத்தில் தொங்கிய இரவுகளில் அப்படி நின்ற பிள்ளைகளை அவர் கண்டிருக்கிறார்.

செபமாலை லைற்றை நூர்த்தார். பள்ளம் இருண்டது.

சின்யோர் ஏன் என்றார். கீழ்ச்சரிவு இன்னும் பாக்கி, வேட்டைச் சங்கத்தில் கணக்குக் கேட்பார்கள் என்றார். செபமாலை தோட்டத்தில் பொறுக்கிய இத்தாலியனில், தமிழில் சொன்னால் இப்படி வரக்கூடியதைச் சொன்னார்:

"குட்டி ஒண்டு நிக்குது, சின்யோர். தாய் ஓடிட்டுது. திரும்ப வெளிச்சம் போட்டால் அது வராது. நான் இண்டைக்கு இனிப் போடமாட்டன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. வேலை போயிற்று. தயானிக்கு என்ன சொல்வது?

சின்யோர் இருட்டைப் பார்த்தபடி நின்றார். "குட்டியா?" என்றார்.

"ஓம். ஒண்டு."

சின்யோர் ஊன்றுகோலால் தடவி ஒரு கல்லைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருக்கச் சொன்னார். வெகுநேரம் பள்ளத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு காய்ந்த புல் சரசரத்தது. தாய் ஒருமுறை தாழ்வாகக் குரல் கொடுத்தது. மெல்லிய பதில் ஒன்று வந்தது. புல்லின் சத்தம் இரண்டாகி அப்பால் போயிற்று. சின்யோர் செபமாலையின் தோளைப் பிடித்து எழும்பினார்.

இறங்கும்போது சின்யோர்தான் கதைத்தார். காட்டில் என்ன நிற்கிறதென்று தெரியாதவன் கண்டதையெல்லாம் சுடுவான். எண்ணிப் பார்த்ததால் பெட்டைகளை விட்டுவைத்த வருடங்கள் உண்டு. ஆகவே லைற் பிழையில்லை என்றார். செபமாலைக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் ஒருவன் எண்ணுவதற்குத் தேவைப்படுகிற நேரமும், தான் பிடித்துக்கொண்டு நின்ற நேரமும் ஒன்றல்ல என்பதும் பட்டது. கீழ்ச்சரிவை விடியப்புறத்தில் வெளிச்சம் இல்லாமல் எண்ணலாம், ஆட்கள்தான் கூட வேண்டும் என்று சின்யோர் முடித்துக்கொண்டார். வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வீட்டில் விக்னராஜா சாக்கை உதறிப் பார்த்தார்.

"மான் எண்ணத்தான் போனனாங்கள்" என்றார் செபமாலை.

"எண்ணிப்போட்டு விட்டிட்டு வந்தனீங்களோ? நல்ல வேட்டை."

அன்று உருளைக்கிழங்குதான் பிரட்டினார்கள். அந்தத் தூளுக்கு அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை சின்யோர் கூப்பிட்டு, காட்டுப் படலைப் பூட்டின் திறப்பைச் செபமாலையின் கையில் வைத்தார். அடுத்த கோடைக்குள் தயானி வந்து சேர்ந்தாள். இப்போதும் செப்டம்பரில் செபமாலைதான் லைற் பிடிக்கிறார். வீசுவார், எண்ணுவார், எடுத்துவிடுவார். குட்டி தெரிந்தால் வெளிச்சத்தை நிலத்துக்கு இறக்கிவிட்டுக் கடந்துபோவார். ஞாயிறு பூசையில் சின்யோரின் பெயருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவார். அந்தக் குட்டி நின்ற நிலையைக் கண்டு மனிதரின் மனம் இளகியிருக்க வேண்டும், அதனால்தான் தன் எதிர்ப்பேச்சைப் பொறுத்துக்கொண்டார் என்று அவர் நெடுநாள் நம்பியிருந்தார்.

சின்யோரைக் கண் ஒப்பரேஷனுக்குச் செபமாலை கைபிடித்துக் கூட்டிப்போன அன்று, ஆஸ்பத்திரி விறாந்தையில் ஜெசிக்கா சொன்னாள். அப்பாவின் இரண்டு கண்ணிலும் அந்த செப்டம்பருக்கு முன்பே நன்றாகப் பூ விழுந்துவிட்டதாம். வேட்டைச் சங்கத்தில் யாருக்கும் தெரியவிடவில்லையாம். லைற்றுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு புகை மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளத்தில் நின்ற குட்டியை அவர் காணவே இல்லை.