கரிசலில் காணாமல் போன கிடா

பிளக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நம் இனத்துக்கு வேலை ஒன்றுதான்: ஒருத்தர் தலையை வெட்டி, இன்னொருத்தர் கோட்டு சூட்டில் ஒட்டுவது. கோவில்பட்டியில் அதைச் செய்து செய்து எனக்கு அலுத்துப்போச்சு. போனில் வீடியோ பார்த்து, பேனா டேப்லெட்டும் வாங்கி, கம்ப்யூட்டரிலேயே படம் வரையக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அடேயப்பா, அந்தப் பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கிறது, லேசாகத் தொட்டால் மெலிகிறது! அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

ஒரே லேயர்

லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் மாதிரி. மூஞ்சி ஒன்றில், கண் ஒன்றில் என்று வரைய வேண்டும். யார் பொறுமையாகக் கேட்டது? எங்கள் கடையில் பிளக்ஸ் ஓரத்தில் கயிறு கட்ட வளையம் அடிக்கும் தங்கம் அக்காவை முழுசாக ஒரே லேயரில் வரைந்தேன். கண் கோணல் என்று அழித்தேன். கூடவே கன்னமும் மூக்கும் போச்சு. உங்களுக்கும் நடந்திருக்கும், சும்மா சிரிக்காதீர்கள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, கண்ணைத் திருத்தச் சொன்னா என் மூஞ்சியையே தொடைச்சிட்டியே!"

கொம்பு மட்டும்

கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஆட்டுக்காரர் ஒருத்தர் வந்தார். புது வீட்டுப் பால்காய்ப்புக்கு, தன் கறுப்புக் கிடா கரிசல் காட்டில் நிற்கிற மாதிரி வரைந்த படம் வேண்டும் என்றார். போட்டோ வேண்டாமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை! முதலாளிதான் கறாராகச் சொல்லிவிட்டார்: ஆட்டுக்காரருக்குப் பிடித்தால் 'இங்கே படம் வரைந்து தரப்படும்' என்று வாசலில் போர்டு, பிடிக்காவிட்டால் இனிமேல் வரைகிற பேச்சே கிடையாது, தலை ஒட்டுகிற வேலைதான்.

கரிசல் கறுப்புதானே என்று மண்ணுக்கு அட்டக்கறுப்பைக் கொட்டினேன். கிடாவுக்கும் அதே. வந்து பார்த்த மனுசன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்: "கெடா எங்க தாயி? கொம்பு மட்டும்லா நிக்குது!"

கறுப்பே இல்லை

இன்னொரு தடவை வரைகிறேன் என்று கெஞ்சினேன். கயத்தாறு ரோட்டோரம் உழுத காட்டைப் போட்டோ எடுத்து, நிறம் உறிஞ்சும் டிராப்பரை அதில் வைத்துப் பார்த்தேன். ஐயோ, அதில் கறுப்பே இல்லை! சாம்பல், காப்பித்தூள் நிறம், ஓரத்தில் ஊதாகூட. பிறந்ததிலிருந்து மிதிக்கிற மண், எனக்கே தெரியாது. மண்ணுக்கு அந்த நிறங்கள். கிடாவுக்குத் தனி லேயர், முதுகில் வெயில் பட்ட நீலம். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

ஆட்டுக்காரர் மறுபடி வந்தார். முதலாளி என்னையே பார்த்தார். மனுசன் திரையை மெள்ளத் தடவி, நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார்: "ஏலே கருப்பா, வா, வீட்டுக்குப் போவோம்!"

போர்டு இப்போது வாசலில் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு முதலில் உள்ளே வந்தவர், அந்தக் கிடா பக்கத்தில் தன் தலையை ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார்.