தட்டிக்கு அந்தப்பக்கத்து வாசனை

“ஏ கிழவி, என் வீட்டை மோந்து பாக்கத்தான் ஆண்டவன் உனக்கு மூக்கு வச்சானா?”

புஹைஸா என்னைப் பார்த்துச் சீறினாள். நான் அசையவில்லை. “மோந்துதான் பாத்தேன். புருஷன் போயி ரெண்டு மாசம் ஆகல, வாசனை கமகமன்னு வருது. எவனுக்குடி?” என்றேன். படாரென்று கதவை அடைத்தாள். என் சந்தேகம் இரட்டிப்பானது.

மதீனாவில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பேரீச்ச மட்டைத் தட்டிதான். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். புஹைஸா தண்ணீர்த் தோல்பை தைத்துப் பிழைத்தவள். உஹது சண்டையன்று தான் தைத்த பையைத் தானே சுமந்துபோய், அடிபட்டுக் கிடந்தவர்கள் வாயில் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளை இல்லை. புருஷன் ஜபலா காய்ச்சலில் போய்விட்டான். விதவைக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா, துக்கம் காக்கும் காலம். கண்ணுக்குச் சுர்மா மை, சாயத்துணி, அத்தர் எதுவும் ஆகாது. நானும் இருந்தவள்தான்.

ஜபலாவை அடக்கிய அன்றே அவன் தம்பி ஸுஹைம் தன் போர்வையை அவள் தலைமேல் எறிந்தான். எறிந்தவனுக்கே விதவை சொந்தம் என்பது பழைய வழக்கம். அது கூடாதென்று இறைவசனம் வந்து வெகுநாளாகிவிட்டது. அவள் அந்தப் போர்வையை எடுத்து ஆட்டுக்கு விரித்துப் போட்டாள்.

நாங்கள் சண்டை போட்ட மறுநாள் ஸுஹைம் என் வாசலுக்கு வந்தான். கையில் ஒரு கூடை அஜ்வா பேரீச்சம்பழம்.

“உம்மு ஹர்மலா, நல்லாயிருக்கீங்களா? அண்ணி வீட்டுல ஏதோ வாசனை வருதாமே?”

“உனக்கு யாரு சொன்னா?”

“நீங்க போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு. பள்ளிவாசல் வாசல்ல நின்னு அதையே ஒரு தடவை சொல்லுங்க, போதும்.”

“சொன்னா?”

“இத்தாவுல அத்தர் பூசினவள எவன் பொண்ணு கேப்பான்? எங்கிட்டத்தானே வந்தாகணும்.”

பத்து வருடமாக எனக்கு ஒரு பேரீச்சங்கொட்டை கொடுக்காதவன் கூடையோடு வந்து நிற்கிறான். அவள் மேல் இருந்த சந்தேகத்தில் பாதி இவன் மேல் விழுந்தது. நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

“உள்ளதைச் சொல்லு. நான் ஒரு வார்த்தை சொன்னா உன்னை ஸுஹைம் ஓட்டிட்டுப் போயிருவான்.”

அவள் ஒரு துணி முடிச்சை அவிழ்த்து என் மூக்கடியில் நீட்டினாள். கோஷ்டம் என்ற வாசனை வேரின் தூள், ஒரு சிட்டிகை.

“மாசத் தீட்டு முடிஞ்சு தலை குளிச்சா இத்தனூண்டு வச்சுக்கலாம். அதுக்கு விதவைக்கும் தடையில்லன்னு பள்ளிவாசல்ல சொன்னத நீயும் காதால கேட்டவதானே? உனக்கு நின்னு இருபது வருஷமாச்சு. மறந்துட்டே, கிழவி!”

முடிச்சை வாங்கி இன்னொரு தடவை மோந்து பார்த்தேன். கோஷ்டமேதான்.

“இதை நேத்தே சொல்லித் தொலைச்சா என்ன?”

“என் தீட்டுக் கணக்கைத் தெருவுல நின்னு கத்தணுமா?”

அன்று மதியமே பள்ளிவாசலுக்குப் போனேன். ஸுஹைம் ஆசையோடு என் முகத்தைப் பார்த்தான். “வாசனை வந்தது நெசம். குளிச்சவ வச்ச கோஷ்டம் அது. எவனாச்சும் அவளைத் தப்பாப் பேசினா, ஆடு படுத்த போர்வைக்காரன் கதையை நான் பேசுவேன்” என்றேன். பெண்கள் வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவன் செருப்பைத் தேடிக்கொண்டு போனான். பழத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

இத்தா முடிந்த அன்று புஹைஸா சந்தைக்குப் போனாள். அத்தர் வாங்குவாள் என்று பின்னாலேயே போனேன். அவள் வாங்கியது ஒரு முழு ஒட்டகத்தோல். அத்தனை பெரிய தோலில் என்ன பை தைக்கப் போகிறாள் என்று எனக்கு மறுபடி சந்தேகம். அவள் பை எதுவும் தைக்கவில்லை. தட்டியின் குறுக்கே அதை விரித்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்தாள்.

“இனி மோந்து பாரு!” என்று அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது.

தோல்காரனிடம் விசாரித்தேன். பேரம் பேசாமல் கொடுத்திருக்கிறாள், ஆறு திர்ஹம்.